இடக்கைத் தாழ்ப்பாள்

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, வேனின் முன்சக்கரத்துக்கு மேலே ஒட்ட வைத்தார். துணியில் சுற்றித் தைத்த, பெரிய பொத்தான் அளவு காந்தம். துணி இருப்பதால் பெயின்ட் கீறாது. விரல் நுனியால் அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டே பின்பக்கம் நோக்கி நடந்தார். தகரம் தகரமாக இருக்கும்வரை காந்தம் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு வரும். அடிபட்டு நசுங்கிய இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தால், அங்கே பிடி தளர்ந்து நழுவிவிடும். விற்பவரின் முகம் எவ்வளவு கள்ளமில்லாமல் இருந்தாலும் காந்தம் அதைப் பார்ப்பதில்லை.

அவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, இழப்பீடு கேட்பவர் சொல்லும் கதையில் எவ்வளவு நம்பலாம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்கிறவர். ஊரிலுள்ள மெக்கானிக் ஷெட்களில் அவருக்குப் பட்டப்பெயரே காந்தம்தான். 'காந்தம் வருது, வாயை மூடிட்டு வேலையைப் பாரு' என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

காந்தம் பின்கதவுவரை நழுவாமல் வந்துவிட்டது. மறுபக்கமும் அப்படியே. அவர் முகம் இறுகியது. நழுவியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன சார், டாக்டர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க? நாடி இருக்கா?" என்றார் வேனின் சொந்தக்காரர். அவர் ஒரு தச்சர். அவருடைய பட்டறை வாசலில்தான் வேன் நின்றிருந்தது. புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருக்க, காதில் பென்சில் செருகியிருந்தார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற வாய்.

"நாடி இருக்கு. அதான் யோசிக்கறேன். இவ்வளவு நல்லா இருக்கற வண்டிய எதுக்கு இவ்வளவு மலிவாத் தர்றீங்க?"

தச்சர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையாலதான். உள்ள மரவேலை எல்லாம் நானே செஞ்சது. எனக்கு இடக்கைப் பழக்கம். அலமாரி, இழுப்பறை, மடக்குக் கட்டில் எல்லாத்தையும் என் கைக்குத் தோதாப் போட்டுட்டேன். வாங்க வர்றவங்க உள்ள போறாங்க, ஒரு கதவையும் திறக்கத் தெரியாம இழுத்து இழுத்துப் பாக்கறாங்க, வண்டி சரியில்லன்னு இறங்கிப் போயிடறாங்க. என் வீட்டுக்காரி ஒரே ஒரு தடவ கூட வந்தா. டம்ளர எடுக்கறதுக்குள்ள அழுதுட்டா."

பதில் சற்று முன்பே தயாராக இருந்தது போலச் சர்வேயருக்குப் பட்டது. உண்மை சொல்கிறவர்கள் பொதுவாகக் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஒத்திகை பார்த்தவர்கள்தான் நடுவில் ஒரு சிரிப்பையும் சேர்த்து வைப்பார்கள்.

கூட வந்திருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகளின் வரியோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனை அவள் பார்க்கவே இல்லை. அவள்மீது அன்றைய முதல் சந்தேகம் அவருக்கு அங்கே எழுந்தது. இத்தனை காலமாக ஒரு கேம்பர் வேன் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தவள், கண்முன் ஒன்று நிற்கும்போது பலகையை ஏன் பார்க்கிறாள்?

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து அவள் அதைத்தான் கேட்டாள். கழுத்துக்கு, காதுக்கு, வீட்டுக்கு எதுவும் கேட்டதில்லை. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற ஒரு சின்ன வேன், விலை கட்டுப்படியாகிற ஒன்று. விடுமுறைக்கு எங்காவது மரத்தடியில், தண்ணீர் பக்கத்தில் நிறுத்தித் தங்கிவிட்டு வர வேண்டும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கண்ணாடி ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்து, வருகிறவர்களின் காதுக்குப் பின்னால் விரல் விட்டுச் சரிசெய்து, 'தூரத்துல பாருங்க' என்று சொல்வது அவள் வேலை. நாள் முழுவதும் மற்றவர்களைத் தூரத்தில் பார்க்கச் சொல்கிறவளின் கண்ணெதிரே இருந்தது, ஒரு கைநீளத்தில் வேற்று முகங்கள், அதற்குப் பின்னால் ஒரு சுவர்.

சர்வேயர் மறுக்கவில்லை. 'பாக்கலாம்' என்றார். உண்மையிலேயே பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு வேனில் தரைவிரிப்புக்கு அடியில் வெள்ளத்தில் முழுகிய வண்டிக்கே உரிய சேற்று வாடை. இன்னொன்றில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. வேறொன்றில் எந்தக் குறையும் தென்படவில்லை, ஓட்டிய வண்டியில் ஒரு குறையும் இல்லாமல் எப்படி இருக்கும் என்று அதையும் வேண்டாமென்றார். தங்கும் இடங்களும் தப்பவில்லை. ஆற்றங்கரையில் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறும். மேட்டில் காற்று வண்டியையே உலுக்கும். காட்டோரம் என்றால் பட்டுப்போன கிளை தலையில் விழும். ஆளில்லாத இடம் ஆபத்து, ஆள் இருக்கிற இடம் அதைவிட ஆபத்து. "அப்பா, உங்களுக்கு கேம்பிங் போகணும்னா புதுசா ஒரு பூமிதான் செஞ்சு தரணும்" என்று மகள் ஃபோனில் சிரித்தாள். அவரும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வேன் விளம்பரங்களைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். மற்றவர்களென்றால் தொல்லை விட்டது என்று இருந்திருப்பார்கள். சர்வேயரால் அப்படி இருக்க முடியவில்லை. அவர் தொழிலில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார். தினமும் ஃபோன் செய்து 'என் கேஸ் என்ன ஆச்சு' என்று கத்துகிறவர்கள் பற்றிக் கவலையில்லை. திடீரென்று கேட்பதை நிறுத்துகிறவர்கள்தான் வேறு வழி பார்த்துக்கொண்டவர்கள்.

போன வாரம் ஒரு மாலையில், சேலைத் தலைப்பால் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவள் சொன்னாள்: "ஒரு வண்டி இருக்கு. சனிக்கிழமை பாக்கப் போறேன். வர்றதுன்னா வாங்க." வர்றதுன்னா வாங்க. அந்தச் சொற்களை அவர் அன்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், விழுந்து நசுங்கிய ஒரு பாகத்தைப் பார்ப்பது போல.

"உள்ள ஏறிப் பாருங்க சார்" என்றார் தச்சர்.

சர்வேயர் ஏறினார். உள்ளே எதிர்பார்த்ததைவிட நேர்த்தியாக இருந்தது. ஒரு பக்கம் மடக்குக் கட்டில், எதிர்ப்பக்கம் அடுப்பு மேடை, மேலே வரிசையாக அலமாரிகள். கைப்பிடி என்று எதிலும் எதுவும் துருத்திக்கொண்டிருக்கவில்லை. வண்டி ஓடும்போது திறந்துகொள்ளாதபடி உள்ளே எங்கேயோ தாழ்ப்பாள் வைத்திருந்தார். சர்வேயர் முதல் அலமாரிக் கதவின் வலது ஓரத்தை இழுத்தார். வரவில்லை. மேல் ஓரத்தை அழுத்தினார். வரவில்லை. நகத்தை நுழைத்து நெம்பினார்.

"நான் சொன்னேன்ல" என்று வாசலில் நின்று தச்சர் சிரித்தார். "நெம்பாதீங்க சார். பலகைக்கு அடியில, இடதுகோடியில ஒரு மரக்கட்டை இருக்கும். இடது கைக் கட்டைவிரலால அத மேல தள்ளி, அப்படியே இழுக்கணும். என்ன சொன்னாலும் வலது கைதான் முதல்ல போகும். எல்லாருக்கும் அப்படித்தான்."

சொன்ன பிறகும் சர்வேயரின் வலது கைதான் போனது. பிறகு இடது கையை அடியில் விட்டுத் துழாவினார். கட்டை அகப்பட்டது, தள்ளினார், இழுக்க மறந்தார். கதவு மீண்டும் பூட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் மனைவி உள்ளே ஏறினாள். "திரைத்துணி வெயில்ல வெளுத்திருக்கே, வேற போட்டுக்கலாம்ல?" என்று தலையை வாசல் பக்கம் திருப்பித் தச்சரைக் கேட்டுக்கொண்டே, இடது கையைப் பக்கத்து அலமாரியின் அடியில் கொடுத்தாள். 'டக்' என்ற சத்தம். கதவு திறந்தது. தோளிலிருந்த கைப்பையை உள்ளே வைத்தாள், முழங்கையால் கதவைச் சாத்தினாள். பேச்சு நடுவில் நிற்கவே இல்லை. கையை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சிறு வயதிலிருந்தே வலக்கைக்காரி அவள்.

சர்வேயர் அதைப் பார்த்தார். அதைப் பார்த்ததைத் தச்சரும் பார்த்தார். உடனே அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதன் முனை கூராக இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார்.

'இந்த வண்டியை நான் ஓட்டினதே இல்ல சார்' என்று சத்தியம் செய்த ஒரு ஆளை, சர்வேயர் ஒருமுறை அதே வண்டியில் உட்காரச் சொன்னார். இருக்கையை முன்னால் நகர்த்தும் நெம்புகோல் அந்த வண்டியில் உடைந்து, கயிறு கட்டியிருந்தது. ஆளின் கை நேராக அந்தக் கயிற்றுக்குப் போனது. வாய் சொல்வதைக் கை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. இதைச் சர்வேயர் பலரிடம் கதையாகச் சொல்லியிருக்கிறார். மனைவியிடமும் சொல்லியிருக்கிறார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. குட்டு வெளிப்படும் நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். கேட்டுவிட்டால் எதிராளிக்கு ஒரு பதில் தயாரிக்க நேரம் கிடைத்துவிடும்.

"ஒரு ராத்திரி தங்கிப் பாத்துட்டு வாங்களேன்" என்று தச்சர் சாவியை எறிந்தார். அடையாள அட்டை கேட்கவில்லை, முன்பணம் என்ற பேச்சே இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு யார் வண்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள்? அதைவிட முக்கியமாக, சாவி சர்வேயரை நோக்கி வரவில்லை. மனைவி அதை ஒற்றைக் கையில் பிடித்து அவரிடம் நீட்டினாள். "நீங்களே ஓட்டுங்க."

வண்டி ஊரைத் தாண்டியது. மேடு ஏறும்போது கியர் மாறாமல் கறகறத்தது. "மூணாவது கியர உங்க பக்கமா கொஞ்சம் இழுத்துப் போடுங்க" என்றாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. இழுத்துப் போட்டதும் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"அவர் இதச் சொல்லவே இல்லையே" என்றார் சர்வேயர், நூல் விட்டுப் பார்க்கும் குரலில்.

"அப்படியா?" என்றாள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை.

சர்வேயர் கணக்குப் போட்டார். போன மாதம் வெள்ளம் வந்த ஊருக்கு, தண்ணீரில் முழுகிய கார்களைப் பார்க்க நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குப் போவதாக இவள் சொன்னாள். அவர் திரும்பி வந்தபோது இவள் தலைமுடியில் புகை வாசனை இருந்தது. கணுக்காலில் கொசுக்கடி. 'அக்கா தோட்டத்துல சருகு கொளுத்தினா' என்றாள். ஊரார் வண்டிகளையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவர், தன் வீட்டுக் கூடத்தில் நின்ற புகையை அப்படியே விட்டுவிட்டார். தச்சரின் இடது கை நினைவுக்கு வந்தது. பென்சிலை ஆராய்ந்த அந்த முகம். இந்த வயதிலா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இந்த வயதில்தான் என்று தோன்றியது.

அவள் சொன்ன இடம் ஒரு நீர்த்தேக்கத்தின் கரை. 'ஃபோன்ல பாத்தேன், கட்டணம் கம்மி, இடமும் நல்லா இருக்காம்' என்றிருந்தாள். நுழைவாயில் அறையில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். சர்வேயரைத் தாண்டி, மறுபக்க இருக்கையை எட்டிப் பார்த்தாள்.

"அட, வந்துட்டீங்களா? அதே இடந்தானே? காலியாத்தான் இருக்கு. இந்தத் தடவ கொசுவத்தி மறக்கலையே?"

"மறக்கலக்கா" என்றாள் மனைவி.

சர்வேயர் வண்டியின் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் பூசி மெழுக ஒன்றும் இல்லை. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. ஆனால் பிடித்த பிறகு வழக்கமாக வருகிற அந்தச் சின்னச் சந்தோஷம் வரவில்லை. கியரைப் போட்டு வண்டியை உள்ளே விட்டார்.

அந்த இடம் கரையிலிருந்து சற்று உயரத்தில், இரண்டு அகலமான மரங்களுக்கு நடுவே இருந்தது. வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரம். மரங்களில் பட்ட கிளை எதுவுமில்லை. காற்று வருகிற பக்கம் ஒரு பாறை மறைத்தது. அவர் மனசுக்குள் வைத்திருந்த குறைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "இன்னும் கொஞ்சம் பின்னாடி. இன்னும். போதும்" என்று இறங்கி நின்று அவள் சொன்னாள். பின்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி நின்றது. உள்ளே போய், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேடையில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. சமதளம். முதல்முறை வருகிறவர்களுக்கு இது ஒருபோதும் வாய்க்காது.

மாலையில் அவள் சூப்பைச் சூடாக்கி, ரொட்டி வாட்டினாள். மடக்கு நாற்காலிகளைத் தண்ணீரைப் பார்த்துப் போட்டாள். எதை எங்கிருந்து எடுப்பது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை, இப்போது மறைக்கவும் முயலவில்லை. சர்வேயர் தன் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தார், அது ஊறி உடைந்து உள்ளே விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுருங்க" என்றாள். "மதியத்துலேர்ந்து தொண்டையில மாட்டிட்டு நிக்குது. சூப்பு எறங்காது."

"யாரோட வந்த?"

அவள் கிண்ணத்தைப் புல்லில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் அவளுக்கு எதிர்க்கரை ஒரு பச்சைக் கலங்கல்தான்.

"தனியா."

"தனியாவா?"

"நம்ப முடியல, இல்ல? அந்த கார்பென்டரோடன்னு சொல்லியிருந்தா ஒடனே நம்பியிருப்பீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "யாரோடன்னு கேட்டீங்க பாருங்க. ஏன்னு கேக்கணும்னு தோணல."

நீரில் ஒரு பறவை முழுகி, வேறு எங்கோ எழுந்தது. சர்வேயர் அது எழுந்த இடத்தைப் பார்த்தார்.

"சரி. ஏன்?"

"நீங்க வேண்டாம்னு சொன்ன வண்டி எல்லாத்தையும் நானும் பாத்தேன்ல? ஒவ்வொண்ணுலயும் நீங்க சொன்ன குறை இருந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடைசியில எனக்கே எதப் பாத்தாலும் குறைதான் தெரிய ஆரம்பிச்சுது. கடைக்கு ஒரு புதுக் கல்யாணஜோடி வந்தாங்க. அந்தப் பையன் சிரிக்கறான், இவன் எதையோ மறைக்கறான்னு எனக்குத் தோணுது. அன்னிக்கு பயந்துட்டேன். உங்க கண்ணாடிய நான் போட்டுட்டு இருக்கேன்னு."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போன மாசம் அந்த கார்பென்டர்கிட்ட இந்த வண்டியக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். வந்த ராத்திரி நல்ல மழை. தூங்கவே இல்ல. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உக்காந்தேன். ஏன்டா வந்தோம்னு இருந்துச்சு. விடியக்காத்தால எழுந்து பின்கதவத் திறந்தேன். கீல் கிரீச்சுன்னு சத்தம் போட்டுச்சு." அவள் நிறுத்தினாள். "யாரும் எதுவும் சொல்லல. 'கீலுக்கு எண்ணெய் போடணும்', 'துரு புடிச்சிருக்கு', 'இதுக்குத்தான் சொன்னேன்', அப்படி ஒண்ணும் இல்ல. சத்தம் மட்டும் இருந்துச்சு. டீ போட்டுக் குடிச்சேன். திரும்பிப் போனதும் அவர்கிட்ட வண்டிய வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? அப்ப எதுக்கு என்னக் கூட்டிட்டு வந்த? நான் காந்தத்த வெச்சு…"

"வண்டியப் பாக்க உங்களக் கூட்டிட்டு வரலைங்க." அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். கடையில் ஃபிரேம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. "வண்டி எனக்குச் சரியா இருக்கு. அதுல நீங்களும் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

சர்வேயருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுபோனது. ஆயுள் முழுவதும் மற்றவர்களைச் சோதித்தவர், தன்னை ஒருவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டு வந்திருப்பதை மாலைவரை அறியாமல் இருந்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"காலைல சொல்றேன்" என்று அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படியில் கால் வைத்துத் திரும்பினாள். "ஒண்ணு சொல்லணும். உங்கள விட்டுப் போகணும்னு இல்ல. ஆனா இப்படி வெளிய போகாம இருக்க முடியாது."

அவள் சொன்னதை அவர் நம்பினாரா? வெளியே தனியாக உட்கார்ந்து அதைத்தான் யோசித்தார். தனியாக வந்தாள் என்பதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. வாயிலில் இருக்கிற பெண்ணிடம் போய்ப் பேச்சுவாக்கில் கேட்கலாம். அக்காவுக்கு ஃபோன் செய்து வேறு ஏதோ கேட்பது போலக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதுகூட வார்த்தை வார்த்தையாக மனசில் உருவாகிவிட்டது. அதே நேரம், அவள் சொன்னது உண்மை என்றும் அவருக்குத் தெரிந்தது. அவள் நடுவில் தடுமாறினாள். ஒத்திகை பார்த்தவர்கள் கீலைப் பற்றிப் பேசமாட்டார்கள். கள்ளக்காதல் என்றால் அவரிடம் ஏதோ ஒரு வழி இருந்தது, கத்தலாம், மன்னிக்கலாம். காலையில் தனியாக டீ குடித்த ஒரு பெண்ணை என்ன செய்வது? ஃபோனைக் கையில் எடுத்தார். மீண்டும் பையில் போட்டார்.

உள்ளே வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்தார். தலைக்கு மேலே சின்ன விளக்கு. அதை அணைக்கக் கை நீட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. கூரைப் பலகைகள் இரண்டு சேர்கிற இடத்தில், அடுப்பு மேடைக்கு நேர் மேலே, டீக் கறை நிறத்தில் ஒரு வளையம். அதற்குள் இன்னொரு வளையம். ஓரம் இன்னும் கருமையாக இருந்தது. பழைய ஒழுகல் என்றால் ஓரம் வெளுத்திருக்கும். இது சமீபத்தியது. காந்தத்துக்கு அகப்படாத, மரத்தில் மறைந்திருந்த குறை. மேலே தகரத்தில் ஏதோ ஒரு இணைப்பு வாய் பிளந்திருக்க வேண்டும். ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே பேசிய அந்தத் தச்சர், கையைத் தூக்கிக் காட்டினாரே தவிர மேலே கைகாட்டவில்லை.

மனசுக்குள் பழைய சந்தோஷம் தலைநீட்டியது. 'சொன்னேன்ல' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் காலையில் அவள் சொல்லப்போகிற பதில் இன்னதென்று இப்போதே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், ஒழுகுகிற வண்டியில் அவளைத் தனியாக அனுப்புகிறவர் ஆவார்.

"என்ன மேலயே பாக்கறீங்க?" அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"உங்க வாயில ஒண்ணுமில்லன்னு வந்தா ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்."

"கொசு" என்றார். திருமணமான நாளிலிருந்து ஒரு குறையைக் கண்டும் அவர் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. விளக்கை அணைத்தார்.

ஜன்னல் திரை சாம்பல் நிறமானபோது மழை தொடங்கியது. முதலில் மரத்திலிருந்து உதிர்வது போல ஓரிரண்டு தட்டல்கள். பிறகு கூரை முழுவதும் ஒரே இரைச்சல். சர்வேயர் சத்தமில்லாமல் எழுந்தார். மேடையருகே போய், வளையத்துக்கு நேர் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. அவள் எழுவதற்குள் விழுந்தால் துடைத்துவிடலாம். கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து தற்காலிகமாக அடைக்கலாம். தச்சரிடம் தனியாகப் பேசி, அவள் காதுக்குப் போகாமல் மேலே தார்த் துணி ஒட்டவைக்கலாம். தன் வாழ்நாளில் பார்த்த அத்தனை பேரும் எதற்காகப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தார்கள் என்று அவருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் புரிந்தது. கை வலித்தது. மாற்றிக்கொண்டார்.

"அங்க இல்ல."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி இல்லாமல், போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. இறங்கி வந்து, இடது கையை மேடைக்கு அடியில் விட்டாள். 'டக்'. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தாள். அவர் கை விரிந்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மேடையின் ஓரத்தில் அதை வைத்தாள். வைத்த பிறகு, யோசித்து, இன்னும் ஒரு விரல் அகலம் நகர்த்தினாள்.

"பலகை வழியா ஓடி வந்து இங்கதான் சொட்டும்" என்றாள். "கொஞ்ச நேரம் ஆகும்."

சர்வேயர் விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். கை காய்ந்துதான் இருந்தது. "தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?" என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. காலை வந்துவிட்டது, அவளுடைய முடிவு என்ன என்றும் கேட்கவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். பின்கதவைத் திறந்துவிட்டாள். கீல் நீளமாகக் கிரீச்சிட்டது. மழைக்குள் நீர்த்தேக்கம் கரையே இல்லாததுபோல வெள்ளையாகக் கிடந்தது. அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"டீத்தூள் மேல் அலமாரியில இருக்கு" என்றாள், அவர் பக்கம் திரும்பாமல்.

அவருடைய வலது கை எழுந்தது, கதவின் ஓரம்வரை போய் நின்றது. அதைக் கீழே இறக்கினார். இடது கையைப் பலகைக்கு அடியில் கொடுத்துத் துழாவினார். பலகையின் விளிம்பு, ஒரு திருகாணியின் தலை, மீண்டும் பலகை. கட்டை எங்கே என்று தெரியவில்லை. அவள் சொல்லித் தரவில்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் மெல்ல எழ ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால், கிண்ணத்தில் முதல் சொட்டு விழுந்தது. சர்வேயர் திரும்பிப் பார்க்கவில்லை, விரல்கள் இருட்டுக்குள் இடதுகோடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.